நாடா பேசுகிறது; கணிப்பொறி ஏன் கேட்கவில்லை?

1982-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'சின்கிளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்னும் வீட்டுக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. நிரல்களைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் சாதாரண டேப் ரிக்கார்டரே அதற்குப் போதும். அன்று சிறுவர்கள் ஆசையோடு எழுதிய நிரல்கள் பல இன்றும் பழைய காசெட்டுகளில் மட்டுமே உள்ளன. அவற்றை மீண்டும் ஓடவிட்டால், திரையில் அடிக்கடி 'டேப் லோடிங் எரர்' என்று வருகிறது. அதே ரிக்கார்டரில் பாட்டு நன்றாகக் கேட்கிறதே! நிரல் மட்டும் ஏன் ஏறவில்லை?

நண்பர்களே, கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள் அல்லவா? ஸ்பெக்ட்ரம் 0-ஐ 489 மைக்ரோ விநாடி நீடிக்கும் அலையாகவும், 1-ஐ 977 மைக்ரோ விநாடி நீடிக்கும் அலையாகவும் நாடாவில் பதிக்கிறது. ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு. ஆகவே மோட்டாரின் வேகம் சிறிது மாறினாலும் குழப்பம் இல்லை. ஆனால் ஒரே ஓர் அலை தவறினாலும், இறுதியில் வரும் சரிபார்ப்பு எண் ஒத்துவராது. நம் காது மன்னிக்கும், கணிப்பொறி மன்னிக்காது.

குறை எங்கே என்பதைத் திரையின் ஓரமே காட்டிவிடும். முதலில் சிவப்பு, வெளிர்நீலப் பட்டைகளும், பிறகு நீலம், மஞ்சள் பட்டைகளும் அங்கே ஓடவேண்டும். பட்டையே தோன்றாவிட்டால் கம்பி இணைப்பையும் ஒலியளவையும் சரிபாருங்கள். பட்டைகள் ஓடியும் பிழை வந்தால், நாடாவைத் தொட்டுப் படிக்கும் 'ஹெட்' என்ற பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள்.

அப்போதும் சரியாகவில்லையா? ஹெட் சாய்ந்திருக்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. எனவே 0-க்கு உரிய அலையின் நீளம் நாடாவில் சுமார் 0.023 மி.மீ. தான். ஹெட் படிக்கும் தடத்தின் அகலமோ ஏறத்தாழ 1.5 மி.மீ. ஹெட் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், தடத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 0.026 மி.மீ. வேறுபாடு வருகிறது. இது ஒரு முழு அலைக்கும் அதிகம்! முகடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். தாளில் 5 மி.மீ. அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி நெடும் பட்டைகள் தீட்டுங்கள். அட்டையில் 6 செ.மீ. நீளத்தில் குறுகிய பிளவு வெட்டிக்கொள்ளுங்கள். பிளவைப் பட்டைகளுக்கு இணையாக வைத்து நகர்த்தினால் கறுப்பு, வெள்ளை எனத் தெளிவாக மாறும். மேல் முனையை 1 செ.மீ. சாய்த்து நகர்த்துங்கள், எப்போதும் பாதி கறுப்பு, பாதி வெள்ளைதான். மாற்றமில்லையேல் செய்தியும் இல்லை.

பதிந்த ரிக்கார்டரிலேயே காசெட்டை ஓட்டினால் தொல்லை குறைவு. இரண்டின் சாய்வும் ஒன்றே. வேறு ரிக்கார்டரானால், ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, பெரியவர் துணையோடு, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்பவேண்டும். முன்பிருந்த நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அதில் பதிந்த மற்றக் காசெட்டுகள் பேச மறுக்கும்.

ஒலி தெளிந்தவுடனே அதை இக்காலக் கணிப்பொறியில் பதிவு செய்துவிடுங்கள். நாற்பது வயதான நாடா, அடுத்த முறையும் அறுபடாமல் ஓடும் என்று யார் சொல்ல முடியும்?