‘அங்கேயே’ என்று எழுதியிருந்த இடம்

போன வருடம் ஐப்பசியில், கல்லறைத் திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கோத்தகிரியிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். “அக்கா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அவரோட தாத்தாவை எங்க பொதைச்சாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். எல்கடுவன்னு மட்டும் சொல்றார். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு மெழுகுதிரி ஏத்த முடியுமா?”

அவளுடைய தாத்தாவும் என் அம்மாயியும் கூடப் பிறந்தவர்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்தக் கணக்கில் தம்பி கப்பலேறினார், அக்கா இங்கேயே நின்றுவிட்டார். தம்பியின் குடும்பம் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்குள்ளேதான் போய் இறங்கியது. எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு மாத்தளை டவுனுக்கு வந்தது. நான் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எல்கடுவ பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஆனால் என் பூட்டன் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று அறுபத்தெட்டு வயதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாயி தன் ஐயாவைப் பற்றி மூன்றே மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரிய காய்ச்சல் வந்த வருஷம் செத்தார் என்பது ஒன்று. பெயரைக் கேட்டால், தகப்பன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற பழக்கத்தில், “ராயப்பர் பேருதான்” என்பார், அது இரண்டாவது. மூன்றாவது: “ஐயாவைப் பொதைச்ச எடத்துல ஓடைச் சத்தம் கேட்கும்.” அப்போது அம்மாயிக்கு எட்டு வயது.

எல்கடுவப் பக்கம் போனவர்களுக்கு அந்த மூன்றாவது தகவல் எவ்வளவு உதவும் என்பது தெரியும். ஹுன்னஸ் அருவி விழுகிற மலை அது. எந்த லயத்து வாசலில் நின்றாலும் ஏதோ ஓர் ஓடைச் சத்தம் கேட்கும்.

காய்ச்சல் வருஷத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா இலங்கைக்குள் வந்தது 1918இல். 1918 கடைசி மாதங்களிலும் 1919 தொடக்கத்திலும் தோட்டங்களில் அது சுழன்றடித்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே ஒட்டிப் படுத்திருக்கும்போது காய்ச்சலுக்கு வேறு என்ன வேண்டும்?

தேட வேண்டியது 1918 நவம்பரை ஒட்டிய மாதங்கள். எங்கே தேடுவது? இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 முதல் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத்துச் சாவு தோட்ட நிர்வாகம் வழியாகத்தான் பதிவாகும். பெயர் கோணலாக விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. செக்ரோலில் பார்க்கலாமென்றால், அது வேலைக்கு வந்தவரின் கணக்கு. செத்தவர் பெயர் அடுத்த மாதம் அதில் இருக்காது, அவ்வளவுதான். எங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. பூட்டன் வேதக்காரர், கத்தோலிக்கர்.

கத்தோலிக்கக் கோவில்களில் செத்தவர்களுக்கென்று தனி ஏடு வைக்கும் வழக்கம் பழையது. 1614இல் ரோமிலிருந்து வந்த சடங்கு நூல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், பங்கு மக்கள் கணக்கு, மரணம் என ஐந்து ஏடுகள் இருக்க வேண்டும் என்று சொன்னது. அங்கிலிக்கன் கோவில்களிலும் அடக்கப் பதிவேடு உண்டு. 1812இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் போட்ட சட்டம் வகுத்த அச்சுப் படிவத்தில் பெயர், வசிப்பிடம், அடக்கம் செய்த திகதி, வயது, சடங்கை நடத்தியவர் ஆகியவை மட்டுமே இருக்கும். மாத்தளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அந்த மிஷனைச் சேர்ந்த குடும்பங்களைத் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட ஏடுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கரையோரத்தில் டச்சுக்காரர் காலத்துப் பள்ளித் தோம்புகள்கூட உண்டு. டச்சுக்காரர் ஆளாத கண்டி மலைநாட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

முதலில் மாத்தளைப் பங்கில் கேட்டேன். 1915 முதல் 1920 வரை பக்கம் பக்கமாகப் பார்த்தும் ஒன்றும் இல்லை. பிறகுதான் உறைத்தது. எல்கடுவவிலிருந்து ஒரு பாதை உக்குவளை வழியாக மாத்தளைக்கு இறங்குகிறது, இன்னொன்று வத்தேகம வழியாகக் கண்டிக்குப் போகிறது. இன்றைக்கு மாவட்ட எல்லையை வைத்து நாங்கள் மாத்தளை என்று நினைக்கிறோம். அன்றைக்குச் சாமியார் எந்தப் பாதையில் குதிரையேறி வந்தாரோ, தோட்டம் அந்தப் பங்கைச் சேரும். மலைக்கு மறுபக்கத்துப் பங்குக்குப் போனேன்.

அங்கிருந்த ஃபாதர் சின்ன வயதுக்காரர். நான் கொண்டுபோன கடிதத்தைப் படித்துவிட்டு மர அலுமாரியைத் திறந்தார். நாப்தலின் உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. நீளவாட்டு ஏடு, முதுகு கிழிந்து துணியால் கட்டியிருந்தது. “டீச்சர், படம் எடுக்க வேண்டாம், பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டுக் கொடுத்தார்.

ராயப்பன் என்ற பெயரைத் தேடினேன். ஒரு ராயப்பன்கூட இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஃபாதரிடம் சொன்னபோது அவர் குனிந்து பார்த்தார். “அந்தக் காலத்தில் லத்தீனில்தானே எழுதுவார்கள். ராயப்பர் யார்? பேதுரு. ‘பெத்ருஸ்’ என்று தேடுங்கள்.”

பழைய கத்தோலிக்க வீடுகளில் பிறந்தவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சின்னப்பன் ஏட்டில் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசெபுஸ், யாகப்பன் யாகோபுஸ், இன்னாசி இக்னாசியுஸ். சவரிமுத்து சேவியராக நிற்பார். தோட்டத்தில் கூப்பிட்ட பெயர் ஒன்று, செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் இன்னொன்று, சாமியார் எழுதியது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆள்.

1918 நவம்பர் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு பக்கம் நிறைய இரண்டு மூன்று மாதம் பிடித்திருக்கிறது. இங்கே ஒரே மாதம் பக்கத்தைத் தாண்டி ஓடியது. எல்லா வரியும் ஒரே கையெழுத்து, ஒரே பழுப்பு மை, இடையில் பேனா மாற்றிய அடையாளமே இல்லை. “இது ஒரே நாளில் எழுதியது. சாமியாரால் ஒவ்வொரு சாவுக்கும் மலையேற முடியாது. உபதேசியார்தான் ஜெபம் சொல்லிப் புதைத்திருப்பார். சாமியார் வந்த அன்று அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்” என்றார் ஃபாதர். எழுதிய நாளும் புதைத்த நாளும் வேறுபடுவது அதனால்தான்.

பக்கத்தின் நடுவில் பெத்ருஸ் இருந்தார். அவருடைய தகப்பன் பெயர், அம்மாயி தன் தாத்தாவின் பெயராகச் சொல்லியிருந்ததோடு ஒத்தது, மனைவி பெயரும் ஒத்தது. வயதுக்கு முன்னால் ‘சிர்சித்தெர்’ என்று ஒரு சொல், அதாவது ஏறக்குறைய. ஏறக்குறைய 40. தன் வயது தெரியாமலே வாழ்ந்து செத்திருக்கிறார். அவஸ்தைப் பூசுதல் பெற்றாரா என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. சாமியார் வரும்வரை உயிர் இருக்கவில்லை.

கடைசிக் கட்டம், புதைத்த இடம். அதில் ‘இபிடெம்’ என்று இருந்தது. அது ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர் என்றே எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டேன். ஃபாதர்தான் சொன்னார்: “இபிடெம் என்றால் ‘அங்கேயே’. மேல் வரியில் உள்ள அதே இடம்.” மேல் வரியிலும் அங்கேயே. அதற்கு மேலும் அங்கேயே. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலே போனேன். ஒரு பெண், ஒரு கிழவர், மறுபடி ஒரு பெண், அவள் பிள்ளை, மூன்று ஆண்கள், ஒரு சிறுமி. எட்டு பேருக்கும் அங்கேயே. ஒன்பதாவது வரியில், பக்கத்தின் உச்சியில், நான்கு மாதக் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தைக்கு மட்டும் இடத்தை முழுசாக எழுதியிருந்தார்கள்: தோட்டத்தின் பெயர், கீழ் டிவிசன் சவக்காலை. அந்தக் குழந்தை மட்டும் முதலில் செத்திராவிட்டால் என் பூட்டனுக்கு இடமே இருந்திருக்காது என்று தோன்றியபோது எழுத முடியவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஃபாதர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “புனித யோசேப் வாஸுக்கே கல்லறை தெரியாது, டீச்சர்” என்றார். உண்மைதான். கோவாவிலிருந்து வந்து, தமிழ் படித்து, 1692இல் கண்டிக்குள் நுழைந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே கண்மூடியவர் அவர். 1745இல் லிஸ்பனில் அவருடைய வாழ்க்கை வரலாறே அச்சேறியது. அந்தக் காலத்தை ஒட்டிக் கண்டியில் குருமார் விரட்டப்பட்டார்கள், கோவில் இருந்த தடமும் போய்விட்டது. 2015இல் பாப்பரசர் கொழும்புக்கே வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய உடல் இருக்கும் இடம் மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை.

துரைமாரின் கதை வேறு. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தபோது தோட்டத்து ஆட்கள் அவரைத் தோளில் சுமந்து கண்டிவரை நடந்தார்கள். மஹய்யாவ மயானத்தில் அவருக்கு எழுத்துப் பொறித்த கல் நிற்கிறது. பென்ரி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி இலங்கைக் கல்லறை எழுத்துகளைத் தேடித் தொகுத்து 1913இல் பெரிய புத்தகமாகவே போட்டார். நான் அதைப் புரட்டியிருக்கிறேன். மிகப் பெரும்பாலும் ஐரோப்பியர். டெய்லரைச் சுமந்தவர்கள் எங்கே புதைந்தார்கள் என்று எந்தப் புத்தகத்தில் தேடுவது?

இதையும் சொல்ல வேண்டும். மலையகத்தில் நம்மில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்துக்கள். அவர்களுக்கு இந்த லத்தீன் வரிகூட இல்லை. மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்து வரும்போதே பேதியில் விழுந்தவர்களைப் பாதையோரத்திலேயே புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். பூட்டனுக்குக் கிடைத்த ஒரு வரியை நான் பெரிதாகக் கொண்டாடுவது அதனால்தான்.

தேடப்போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். 1908இலிருந்து, ஒருவர் கலியாணம் கட்டினால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. தோட்டம் மாறிப்போனவர்களை அந்த ஓரக்குறிப்பை வைத்துப் பின்தொடரலாம். அடுத்து, 1918 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கு ஏடுகளின் பிரதியை வருடாவருடம் ஆயரகத்துக்கு அனுப்பச் சொன்னது. பங்கில் கறையான் தின்றிருந்தால் அங்கேயும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

கீழ் டிவிசன் என்று ஒன்று இப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை. லயங்களை இடித்து வருடக்கணக்காகிறது. விசாரித்தபோது, கவ்வாத்து வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவரைக் காட்டினார்கள். எண்பது தாண்டியவர். “கீழ்க்கணக்கா? அது எங்க அப்பா காலத்துச் சொல்லு, தாயி. வாங்க காட்டுறேன்” என்று கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தேயிலைக்குள் இறங்கினோம். மலைச்சரிவு முடிகிற இடத்தில் தூர்கள் வரிசை தப்பி நின்றன. நடுவில் நான்கைந்து குரோட்டன் செடிகள், மரம் மாதிரித் தடித்து, சிவப்பும் மஞ்சளுமாக. தேயிலைக்குள் குரோட்டனை யாரும் சும்மா நடுவதில்லை. புதைகுழித் தலைமாட்டில்தான் நடுவார்கள். அடியில் பாசி பிடித்த ஆற்றுக்கல் சில கிடந்தன, ஒன்றிலும் எழுத்து இல்லை. “இதுக்கு மேல எனக்குத் தெரியாது. கொழுந்து எடுக்கிற பிள்ளைங்க இங்க செருப்பைக் கழட்டிட்டுத்தான் போகும்” என்றார் பெரியவர். நானும் கழற்றினேன்.

பேச்சு நின்றதும் கேட்டது. இடது பக்கம், ஈரப்பலா மரத்துக்குக் கீழே, கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம். அம்மாயி சொன்னதை வைத்து மட்டும் நான் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டேன். ஏட்டை மட்டும் நம்பி வந்திருந்தால், இதுதான் என்று நிச்சயமாகச் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

எது பூட்டனின் குழி என்று தெரியாததால் ஒரு மெழுகுதிரி கொண்டுபோனது தவறு என்று பட்டது. ஒன்றையே பெரிய குரோட்டனின் அடியில், காற்றுக்கு மறைவாக, இரண்டு கல்லுக்கு நடுவில் ஏற்றினேன். கோத்தகிரிக்குப் போன் போட்டேன். தங்கச்சி போனை அவள் அப்பாவின் காதருகில் வைத்தாள். நோட்டை விரித்து, ஏட்டில் இருந்த வரிசையிலேயே, லத்தீனை விட்டுவிட்டுத் தமிழ்ப் பெயர்களாக வாசித்தேன். நான்கு மாதக் குழந்தை முதலில். பிறகு அந்தச் சிறுமி, மூன்று ஆண்கள், பிள்ளை, அதன் தாய், கிழவர், இன்னொரு பெண். பத்தாவதாக ராயப்பன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் சத்தம் மட்டும். பிறகு அவர் குரல் வந்தது. “தாயி, முதல்லேயிருந்து இன்னொருக்கா வாசி.”