வீட்டுச் செய்திக்கு ஏற்ற உறை



நம் நாட்டில் அஞ்சல் அட்டை 1879ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. விலை காலணா. அதில் எழுதியதை அஞ்சல்காரரும் படிக்கலாம். திண்ணையில் அமர்ந்திருப்பவரும் படிக்கலாம். ஆதலின் நம் பெரியவர்கள் அட்டைக்கு உரிய செய்தி இது, உறைக்கு உரிய செய்தி இது என்று பிரித்தறிந்திருந்தனர். வந்து சேர்ந்த செய்தி அட்டையில் சென்றது. பெண் பார்த்த செய்தி, கடன் பட்ட செய்தி, நோயுற்ற செய்தி ஆகியவை உறைக்குள் சென்றன. எழுத்தறியாத பாட்டியும், "இதைக் கவரில் போட்டு ஒட்டு" என்று சொல்லத் தெரிந்திருந்தார்.

இன்று கடிதத்தின் இடத்தைக் கைப்பேசிச் செயலிகள் பெற்றுவிட்டன. பேரனின் மதிப்பெண், தாத்தாவின் குருதிப் பரிசோதனை, அத்தை வீட்டு நிலப் பத்திரம் ஆகிய யாவும் ஒரே குடும்பக் குழுவில் வந்து விழுகின்றன. நாம் இடுவது அட்டையிலா, உறையிலா என்று எண்ணிப் பார்ப்பவரோ சிலரே. அதை ஆய்ந்து தேர்ந்தெடுக்கும் முறையையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதற்கண் பூட்டின் இயல்பை அறிவோம். பழங்காலத்து மறையெழுத்தில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரே திறவுகோல் வேண்டும். அத்திறவுகோலையே வழியில் ஒருவன் கவர்ந்துகொண்டால் என்ன செய்வது? இவ்விடர்ப்பாட்டிற்கு 1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வழி கண்டு வெளியிட்டனர். அவ்வழியை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவர் திறந்த பூட்டுகள் பலவற்றைச் செய்து ஊரெங்கும் கொடுத்து வைக்கிறார். திறவுகோலை மட்டும் தம் மடியில் முடிந்துகொள்கிறார். எவரும் பெட்டியில் செய்தியை இட்டு அப்பூட்டை அழுத்திப் பூட்டலாம். திறக்க வல்லவர் அவர் ஒருவரே. இக்கருத்தே இன்றைய செய்திச் செயலிகளுக்கு அடிப்படையாகும்.

ஆனால் பூட்டு என்று சொல்வன எல்லாம் ஒரே தன்மையன அல்ல. வழியெல்லாம் பூட்டிக் கொண்டுபோய், நிறுவனத்தின் கணிப்பொறியில் திறக்கத்தக்க நிலையில் வைப்பது ஒரு முறை. அனுப்புநர் கைப்பேசியில் பூட்டி, பெறுநர் கைப்பேசியில் மட்டுமே திறப்பது மற்றொரு முறை. முன்னதில் நிறுவனத்தாரும், அவர் கணிப்பொறியில் கன்னமிடுவோரும் செய்தியைப் படிக்க இயலும். பின்னதில் இடையிலுள்ள எவரும் படிக்க இயலாது. இதனையே முனைக்கு முனை மறையாக்கம் என்பர்.

இனி, ஒரு செயலியைத் தேரும்போது கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு.

முதல் வினா: இந்தப் பூட்டு, நாம் கேளாமலே, குழுவிலும் இருக்கிறதா? சிக்னல் செயலியில் தனி உரையாடல், குழு, அழைப்பு அனைத்திற்கும் அது இயல்பாகவே உண்டு. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில், சிக்னலின் முறையையே மேற்கொண்டு, தனி உரையாடலுக்கும் குழுவிற்கும் அதனை அமைத்தது. 2013இல் தோன்றிய டெலிகிராமிலோ, எழுத்துச் செய்திகளுள் இருவர் தாமே தொடங்கும் இரகசிய உரையாடலுக்கு மட்டுமே இப்பூட்டு, குழு உரையாடலுக்கு இல்லை. நம் தமிழ்ப் பெயர் தாங்கிய அரட்டையைச் சோகோ நிறுவனம் 2021இல் வெளியிட்டது. 2025இல் மக்கள் பெருந்திரளாக அதில் சேர்ந்தபோது அழைப்புகளுக்கு இப்பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திக்கு அப்போது இயல்பாக இருக்கவில்லை. அதைச் சேர்க்கும் பணி நடைபெறுவதாக நிறுவனம் அப்போது கூறியது. செயலிகள் மாறிக்கொண்டே இருப்பன. ஆதலின் பெயரைக் கண்டு மயங்காமல், சேரும் நாளில் அதன் நிலை யாது என்று கேட்டறிவதே முறை.

இரண்டாம் வினா: உறையின் மேல் என்ன எழுதப்படுகிறது? கடிதம் ஒட்டியிருந்தாலும் முகவரி வெளியே தெரியும் அன்றோ? யார் யாருடன், எப்போது, எத்தனை முறை பேசினர் என்பதும் ஒரு செய்தியே. ஒருவர் ஒரே வாரத்தில் புற்றுநோய் மருத்துவரையும், பிறகு உயில் எழுதும் வழக்கறிஞரையும் அழைத்தார் என்றால், அவர் பேசியதைக் கேட்க வேண்டுமா என்ன? 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று சிக்னலிடம் பயனர் விவரங்களைக் கேட்டது. கணக்குத் தொடங்கிய நேரம், இறுதியாக இணைந்த நேரம் ஆகிய இரண்டை மட்டுமே அதனால் தர முடிந்தது; வேறொன்றையும் அது சேர்த்து வைத்திருக்கவில்லை. வாட்ஸ்அப் சேர்த்து வைக்கும் விவரங்கள் இதனினும் மிகுதி.

மூன்றாம் வினா: காப்புப் படி எங்கே இருக்கிறது? கைப்பேசி தொலைந்தால் உதவும் பொருட்டு, செய்திகளின் படி ஒன்றை இணையக் கிடங்கில் வைக்கிறோம். வாயிலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போல் அது ஆகிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பின் காப்புப் படியையும் முனைக்கு முனை பூட்டும் வசதி 2021 அக்டோபர் முதல் வந்தது. ஆனால் அமைப்புப் பகுதிக்குச் சென்று நாமே அதனை இயக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை மறந்தால் படி மீளாது என்பதையும் நினைவில் கொள்க.

நான்காம் வினா: நடத்துபவர் யார்? அவர்க்குப் பொருள் எவ்வாறு வருகிறது? வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் நிறுவனம் 2014இல் வாங்கியது. விளம்பரமே அந்நிறுவனத்தின் பெருவருவாய். சிக்னலை நடத்துவது இலாப நோக்கற்ற அறக்கட்டளை. நன்கொடையே அதன் வாழ்வு. அதன் நிரலும் எவரும் ஆராயுமாறு வெளியிடப்பட்டுள்ளது. வாட்ஸ்அப்பைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான பிரையன் ஆக்டனே 2018இல் அவ்வறக்கட்டளை அமையத் துணைநின்று, 5 கோடி டாலர் அளித்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், குடும்பத்தார் அனைவரும் இசைந்தால் சிக்னலே சிறந்தது என்பது என் கருத்து. எனினும் பாட்டி வந்து சேராத செயலியால் குடும்பத்திற்குப் பயன் என்ன? உறவினர் அனைவரும் வாட்ஸ்அப்பில் இருந்தால் அங்கேயே இருங்கள். காப்புப் படியைப் பூட்டுங்கள். நெருங்கிய நால்வர்க்கு மட்டும் உரிய செய்திக்கெனத் தனிக் குழு ஒன்று வையுங்கள்.

இத்தனை சொல்லியும், எந்தச் செயலியாலும் செய்யமுடியாத காவல் ஒன்று உண்டு. அதை நான் என் பிழையால் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் மருத்துவப் பரிசோதனை முடிவு வந்தது. அது நல்ல செய்தி அன்று. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வெளியூரிலுள்ள மகனிடம் கருத்துக் கேட்க எண்ணினேன். அவசரத்தில் இருபத்து மூவர் இருந்த குடும்பக் குழுவில் அத்தாளைப் படமெடுத்து இட்டுவிட்டேன். உறவினர் ஒருவர், நல்ல மருத்துவரை விசாரிக்கும் நோக்கத்துடன், அதைத் தம் நண்பர்க்கு அனுப்பினார். மறுநாள் மாலை கோயிலில் ஓர் அம்மையார் என் மனைவியின் கையைப் பற்றி, "தைரியமாக இருங்கள்" என்றார். தம் நோயை அவர் அவ்வாறுதான் அறிந்தார். பூட்டு பழுதின்றி வேலை செய்தது. அனுப்பியவர் மீதும் குற்றமில்லை. உறைக்குரியதை அட்டையில் எழுதியவன் நானே. அவர் நலம் பெற்றார். ஆயினும், "என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே" என்று அன்று அவர் கேட்ட சொல் இன்றும் என் செவியில் உள்ளது.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த உரிமை வீட்டிற்குள்ளும் ஒருவர்க்கொருவர் அளிக்கவேண்டியது அன்றோ? பிறர் நோயையும், பிறர் கடனையும், பிறர் படத்தையும் அவர் இசைவின்றி அனுப்பாதிருத்தல் எந்தப் பூட்டினும் வலியது.

இளைஞர்களே, இக்கருவிகளில் நீங்கள் எங்களினும் வல்லவர்கள். ஆதலின் உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். இன்றிரவு தாத்தா, பாட்டி அருகில் அமருங்கள். அவர்கள் கைப்பேசித் திரைக்குப் பூட்டு இடுங்கள். செயலியில் இரண்டாம் கடவு எண்ணை அமைத்து, அதனை அவர்களே சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். அறியாத கணிப்பொறி ஏதேனும் அவர்கள் கணக்கோடு இணைந்திருந்தால் நீக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை மகன் பெயரால் ஒருவர் கேட்டாலும் தரலாகாது. முதலில் மகனையே அழைத்துப் பேச வேண்டும் என்று பொறுமையுடன் எடுத்துரையுங்கள். ஒரு முறை சொன்னால் போதாது, மறுமுறையும் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்தறிவித்தபோது அவர்களும் அவ்வாறே செய்தார்கள்.