சுயமுன்னேற்ற நூல்களும் தறிக்காரரின் சந்தேகமும்

தமிழில் சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்க'ளிலிருந்து தொடங்குவார்கள். இந்த வகை எழுத்தின் வேரைத் தேடினால் அதற்கு வெகுகாலம் முன்னால், ஒரு சிறைக்குள் போய் நிற்கிறோம். 1908இல் தண்டிக்கப்பட்டு 1912 இறுதியில் விடுதலையான வ.உ. சிதம்பரனார், சிறைவாச காலத்தில் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 1903இல் வந்த மூலத்தின் சாரம் இதுதான்: ஒருவனது சூழ்நிலையை அவனது எண்ணங்களே உருவாக்குகின்றன.

விசித்திரம் என்னவென்றால், இந்தக் கருத்துக்கு எதிர்ச்சாட்சியாக மொழிபெயர்த்தவரின் வாழ்க்கையே நிற்கிறது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி என்ன, எண்ணம் பலவீனப்பட்டா வீழ்ந்தது? எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அரசு அதன் பக்கம் நின்றது. நடத்தியவரைச் சிறையில் தள்ளியது. வெளியே வந்த பிறகு வறுமை. 1936இல் இறக்கும்போதும் கடன் தீரவில்லை. மனத்திடத்துக்கு அவரைவிட வேறு யாரை உதாரணம் சொல்வது?

அப்படியானால் ஆலனை நம்பி அவர் ஏமாந்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செக்கிழுக்கும் கைதிக்கு உடம்பு சொந்தமில்லை, நேரமும் சொந்தமில்லை. மிச்சமிருப்பது மனசு மட்டும். அங்கே ஆலன் துணைக்கு வருவார். ஆனால் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களிடம் வ.உ.சி. 'எண்ணத்தை மாத்திக்குங்க' என்று சொல்லவில்லை. அவர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார், கூலி உயர்ந்தது. மனசின் எல்லை எதுவரை, கூட்டுச் செயல் எங்கே தொடங்குகிறது என்பது அவருடைய நடைமுறைக்குத் தெரிந்திருந்தது.

பின்னால் வந்த நூல்கள் பல இந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டன. அதன் விளைவைப் பொதட்டூர்பேட்டை மாதிரியான ஊரில் வைத்துத்தான் நான் யோசிக்கிறேன். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். கூலிக்கு நெய்கிறவருக்குப் பாவும் ஊடையும் வேறொருவர் தருவது. நூல் விலை எங்கேயோ தீர்மானமாகிறது. கரண்டு நின்றால் விசைத்தறி நிற்கும், கூலியும் நிற்கும். 'நூல் வெல ஏறிட்டா பொழப்பு என்னாவறது?' என்று அவர் கேட்பதை மனக்கோளாறு என்பதா? சந்தையைப் பற்றி அவர் உடம்பால் பெற்ற அறிவு அது. 'எல்லாம் மனசுலதான் இருக்கு' என்கிற புத்தகம் அதற்கு 'எதிர்மறை எண்ணம்' என்று பெயர் வைக்கிறது. தறி நின்றதற்கும் அவரையே குற்றவாளியாக்குகிறது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'ஒண்ணும் நடக்காது' என்பது அவநம்பிக்கை. 'இது ஏன் இப்படி நடக்குது?' என்பது சந்தேகம். முன்னது கையைக் கட்டிப்போடும். பின்னது பக்கத்துத் தறிக்காரரிடம் பேசவைக்கும். சுயமுன்னேற்ற நூல்கள் இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்து ஒரே மருந்தைக் கொடுக்கின்றன. அதில் முதலில் சாவது சந்தேகம்தான்.

காலையில் எழுந்து உட்கார ஒரு வார்த்தை தேவைப்படுகிறவர் இந்தப் புத்தகங்களைத் தாராளமாகப் படிக்கட்டும். சிறையில் வ.உ.சி.க்கும் அது தேவைப்பட்டது. கூலி ஏன் குறைந்தது என்ற கேள்விக்கும் அதே புத்தகம் பதில் சொல்ல வரும்போது மட்டும் அதை மூடிவைத்துவிட்டு, கணக்கு நோட்டைத் திறப்பது நல்லது.