பாலைவனத்தில் பறந்த இத்தாலி விமானங்கள்: கம்ப்யூட்டரில் மீண்டும் உயிர் பெறுகின்றன!

மேலே மேகமில்லாத நீலவானம். கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல். நடுவில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு போர் விமானம் சாய்ந்து திரும்புகிறது. இறக்கையில் வெயில் பளீரென்று அடிக்கிறது.

போட்டோவா? இல்லை. தூரிகை தொட்ட ஓவியமா? அதுவும் இல்லை. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் வரைந்த படம்!

இரண்டாம் உலகப்போரில் லிபியா, எகிப்து பாலைவனத்தின் மேல் பறந்த இத்தாலி விமானங்களை இப்படி வரைவது பல நாடுகளில் ஒரு பித்தாகவே இருக்கிறது. அந்தப் போரை வைத்து 2020ல் ஒரு கம்ப்யூட்டர் விமான விளையாட்டே வெளிவந்தது.

இதற்கும் கோபர்கைரனேக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். செக்டர்களில் நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கி, மகாபே பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வரும் தமிழ் இளைஞர்களுக்கு இதற்கு வேண்டிய சாதனம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. பிளெண்டர் என்ற மென்பொருள் காசில்லாமலே கிடைக்கிறது. பொறுமைதான் முதல்!

ஆனால் சம்பந்தம் அதோடு நின்றுவிடவில்லை. அந்த விமானங்கள் குண்டு போட வந்தபோது, கீழே மணலில் இருந்தவர்களில் தமிழர்களும் உண்டு.

கூனன் விமானம்

இத்தாலி போரில் இறங்கியது 1940 ஜூன் 10ந் தேதி. அப்போது அதன் கையில் இருந்த முக்கியமான குண்டுவீச்சு விமானம் சவோயா மார்கெட்டி 79. மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று என்ஜின்கள். முதுகில் துப்பாக்கிக்காரருக்காக ஒரு திமில் போன்ற மேடு. "சபிக்கப்பட்ட கூனன்" என்று அதற்குப் பட்டப்பெயர்.

லிபியாவின் கவர்னராக இருந்த இதாலோ பால்போ, பெரிய விமானி. போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 28ந் தேதி இதே ரக விமானத்தில் டோப்ருக்கில் இறங்க வந்தார். எதிரி விமானம் என்று நினைத்து இத்தாலி பீரங்கிகளே சுட்டு வீழ்த்திவிட்டன! விமானத்தில் இருந்த எல்லோரும் மாண்டனர்.

பியட் 42 என்ற சண்டை விமானமோ இரட்டை இறக்கை கொண்டது. விமானிக்கு மேல் மூடி கிடையாது. முகத்தில் காற்று அடிக்கப் பறக்க வேண்டும். 1941 நவம்பரில்தான் மாக்கி 202 ஆப்பிரிக்காவுக்கு வந்தது. மரியோ கஸ்தோல்தி வடிவமைத்தது. ஜெர்மன் என்ஜினை இத்தாலியிலேயே உரிமம் வாங்கித் தயாரித்துப் பொருத்தினார்கள். பார்ப்பதற்கும் அழகு, பறப்பதற்கும் வேகம்.

படம் போடுகிறவர்கள் சறுக்கும் இடம்

ஒரு இளைஞர் மாக்கி 202 வரைய உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்து இறக்கையைச் செய்துவிட்டால் போதும். கண்ணாடியில் தெரிவதுபோல மறுபக்கம் தானாக வந்துவிடும். வேலை பாதி மிச்சம்!

அங்கேதான் சறுக்கல். நிஜ விமானத்தின் இடது இறக்கை வலது இறக்கையைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். காற்றாடி சுழலும் வேகத்தில் விமானம் ஒரு பக்கமாகப் புரளப் பார்க்கும்; அதைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. விஷயம் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்ததுமே "இறக்கையை அளந்தீர்களா?" என்று கேட்டுவிடுவார்கள்.

வண்ணம் இன்னொரு தலைவலி. மணல் மஞ்சளின் மேல் ஜாங்கிரி பிழிந்ததுபோலப் பச்சை வளையங்கள். மேலிருந்து பார்த்தால் பாலைவனத்துப் புதர்களோடு கலந்து போகும். உடலின் பின்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. சில வகை பிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும். எனவே எது மஞ்சள், எது பச்சை என்பதில் இன்றும் சண்டைதான்! ரோமுக்கு அருகே விஞா தி வல்லேயில் உள்ள இத்தாலி விமானப்படை அருங்காட்சியகத்தில் மாக்கி 202, கூனன் இரண்டையும் நேரில் பார்க்கலாம்.

விமானத்திலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்று வரைவது இத்தாலியர்களுக்குப் புதிதல்ல. 1929லேயே "வான் ஓவியம்" என்று அறிக்கை வெளியிட்டு ஒரு ஓவியர் கூட்டம் கிளம்பியது. தூலியோ கிராலி 1939ல் வரைந்த படத்தில், விமானி தலைகுப்புற நகரத்தின் மேல் பாய்கிறார். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். கீழே உள்ள வீடுகளில் இருப்பவர்கள் கதி என்ன என்பது அந்தப் படத்தில் இல்லை.

1911 நவம்பர் 1ந் தேதி, ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலி விமானி லிபியாவில் கையாலேயே நாலு குண்டுகளை வீசினார். போரில் விமானத்திலிருந்து விழுந்த முதல் குண்டுகள் அவை. அதுவும் இதே மணலில்தான்.

ஆறு பேர் கதை

1941 ஏப்ரல் 21ந் தேதி ஒரு கூனன் விமானம் கிரீட் தீவுப் பக்கம் ஆங்கிலேயர் கப்பல்களைத் தாக்கப் போனது. திரும்பும்போது வழி தப்பியது. கடற்கரையையும் தாண்டி, லிபியப் பாலைவனத்துக்குள் வெகுதூரம் போய் இறங்கியது. அதில் இருந்தவர்கள் ஆறு பேர். யாரும் தேடி வரவில்லை.

1960ல் எண்ணெய் தேடிப் போனவர்கள் கண்ணில்தான் அந்த மிச்சங்கள் பட்டன. ஒருவருடைய எலும்புக்கூடு விமானத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது. உதவி தேடி அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்! எதிரிப்படைதான், ஆனாலும் படிக்கிறவருக்கு நெஞ்சு கனக்கிறது.

மணலில் நின்ற "தம்பி"கள்

நாலாவது இந்திய டிவிஷன் 1939லேயே எகிப்துக்குப் போனது. 1940 டிசம்பரில் சிதி பரானியில் இத்தாலியர்களைத் தோற்கடித்தது. பிறகு எரித்ரியாவில் கெரன் மலை, மறுபடியும் பாலைவனம், 1943ல் துனீசியா என்று அலைந்தது. பிடிபட்ட இத்தாலி வீரர்களில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டு பெங்களூர், போபால் முகாம்களுக்கும், யோல், டேராடூனுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

அந்த டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் படையினருக்குப் பட்டாளத்தில் செல்லப்பெயர் "தம்பி". முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் எல்லாம் பயன்படுத்திய "பெங்களூர் டார்பிடோ" குழாய் வெடி, 1912ல் இந்தப் படையின் அதிகாரி ஒருவர் உருவாக்கியதே.

தம்பிகளின் வேலை பாதை போடுவது, தண்ணீர் எடுப்பது, கண்ணிவெடி அகற்றுவது. மணலில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓட முடியாது. எங்கே காலை வைப்பது?

அந்தக் கம்பெனிகளில் ஒன்றைச் சேர்ந்தவர் சுபேதார் சுப்பிரமணியன் என்ற தமிழர். 1944 ஜூன் 24ந் தேதி, இத்தாலியில் மின்யானோ என்ற ஊரருகே வெடிக்கப் போன கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. எகிப்தில் எல் அலமைன் கல்லறைத் தோட்டத்தில், தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட 600க்கு மேற்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படங்களில் விமானத்தின் ஆணிகளைக்கூட எண்ணிவிடலாம். அவ்வளவு துல்லியம். ஆனால் ஐயாயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் மண்டியிட்டிருக்கும் மனிதன் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியமாட்டான். அவனை வரைய வேண்டுமானால் காமிராவைத் தரைக்கு இறக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அது மௌஸை ஒருமுறை உருட்டுகிற வேலை.