முதிரை மரமும் எங்கள் பிள்ளைகளும்

வன்னியில் வீடு கட்டும்போது நிலை, கதவு, யன்னல் என்றதும் முதலில் வாயில் வருவது முதிரைதான். சிங்களச் சகோதரிகள் இதை 'புருத்த' என்பார்கள். இலங்கையின் உலர் வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளரும் மரம். பலகை பட்டுப்போல மினுங்குவதால் ஆங்கிலேயர் காலத்திலேயே கப்பலேறிச் சீமைத் தளபாடமானது. (அரியும்போது பறக்கும் தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். தச்சர்மாருக்கு அது தெரியும்.)

இந்த முதிரையை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1998ஆம் ஆண்டு தனது சிவப்புப் பட்டியலில், அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்று சேர்த்தது. நாளைக்கே இல்லாமற் போய்விடும் என்பதல்ல இதன் பொருள். வளரும் வேகத்தை வெட்டும் வேகம் மிஞ்சினால் அந்த நிலை வரும் என்பதே. முதிரை மிக மெதுவாக வளர்வது. இன்று நட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் பலகையாகும். வெட்டுகிறவர்களோ நேராகப் பருத்த மரத்தையே தேடுகிறார்கள். காற்றில் பறந்து காட்டைப் பெருக்கும் சிறகு விதைகளைத் தரும் தாய்மரங்களும் அவைதான்.

யுத்த காலத்திலும் காடு அழிந்தது. 2009இன் பின் மீள்குடியேற்றமும் வீட்டுத்திட்டங்களும் வர, மரத்தின் தேவை ஒரேயடியாகக் கூடியது. வீடு வேண்டும்தானே, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. கள வேலையின்போது, கணவரை இழந்த ஒரு தாயைச் சந்தித்தேன். மகன் இரவில் முதிரைக் குற்றி ஏற்றப் போய்ப் பிடிபட்டவன். "மரம் ஆருடையது எண்டே அவனுக்குத் தெரியாது, பிள்ளை. ஒரு நாள் சம்பளத்துக்குப் போனவன்" என்றார். ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசு தேட வேண்டும். தோட்டை அடகு வைத்தாயிற்று. மரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. சமூகவியல் படித்த எனக்கு இது புதினமல்ல. வறுமையுள்ள வீட்டுப் பிள்ளையே காட்டுக்குள் அனுப்பப்படுகிறது, அதுவே அகப்படுகிறது.

சகோதரிகளே, சொந்தக் காணியில் நின்ற முதிரையானாலும் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் மரத்தோடு வாகனமும் பறிமுதலாகலாம். "சும்மா ஏத்தி விட்டால் போதும்" என்று இரவில் கூப்பிடுகிறவரிடம் பத்திரத்தைக் காட்டச் சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். வாங்கும்போது நீங்களும் கேளுங்கள். உள்ளறைக் கதவுகளுக்கு வேம்பு தாராளமாகப் போதும். காணி துப்புரவு செய்யும்போது, பழைய முதிரையின் வேரிலிருந்து கன்று வெடித்து நின்றால் அதை மட்டும் விட்டுவிட்டு, ஆடு கடிக்காமல் நாலு முட்கொப்பைச் சுற்றிப் போடுங்கள்.