எருக்கஞ்செடியருகே ஒரு கைபேசி

பள்ளிச் சுற்றுப்புறத்தில் பூச்சிகளைப் படமெடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை. ஆசிரியரின் கைபேசியே போதும். "இது எந்தப் பூச்சி?" என்று மாணவர் கேட்கும்போது விடை காண உதவ வேண்டும், வகுப்பறைக்கான படத்தில் நாம் எதிர்பார்ப்பது அதுதான்.

வெந்தய வரியனை எடுத்துக்கொள்வோம். எருக்கு வளரும் இடங்களில் எளிதாகக் காணக்கூடிய ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி இது. இதன் புழு எருக்கிலையைத் தின்று, எருக்கம்பாலில் உள்ள நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் இதைத் தவிர்க்கின்றன. நச்சில்லாத வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி ஏறத்தாழ இதே தோற்றத்தில் இருந்து தப்பிப் பிழைக்கிறது. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். போலிக்கு முன்விளிம்பருகே ஒரே ஒரு புள்ளிதான். பின்சிறகு மறைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை தராது. எனவே சிறகு விரித்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, அமர்ந்திருக்கும் செடியோடு ஒன்று என மூன்று படங்களாவது எடுக்கப் பழக்குங்கள். வயல்வெளியில் தாழப் பறக்கும் சின்னஞ்சிறு நீல வகைகளில் அடிச்சிறகின் புள்ளிகளே முக்கிய அடையாளம்.

நேரம் பாதி வேலையைச் செய்துவிடும். பட்டாம்பூச்சி பறக்க அதன் உடல் சூடேற வேண்டும். அந்தச் சூட்டை அது வெயிலிலிருந்து பெறுகிறது. காலையில் சிறகை விரித்து வெயில் காயும்போது அதிகம் அசையாது. நண்பகலில் அதைத் துரத்துவது வீண். மாணவர்களுக்கும் அந்த வெயில் ஆகாது. நம் நிழல் அதன்மேல் விழாதபடி குனிந்து மெதுவாக நெருங்க வேண்டும். சிறகின் பரப்புக்கு இணையாகக் கைபேசியைப் பிடித்தால் சிறகு முழுவதும் தெளிவாக விழும். வெள்ளைச் சிறகு வெளிறிப் போனால், திரையில் அதைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கலாம். கையால் பிடித்து வைத்துப் படமெடுக்கவே கூடாது. சிறகின் செதில்கள் உதிர்ந்துவிடும்.

தட்டான்களுக்கு வேறு உத்தி. பல தட்டான்கள் பறந்து சென்றாலும் அதே குச்சிக்கே திரும்பி வரும். துரத்தாமல் அந்தக் குச்சியருகே காத்திருந்தால் போதும். வெயில் உச்சிக்கு ஏறும்போது சில தட்டான்கள் வாலை வானை நோக்கி நிமிர்த்தும். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைக்கும் வழி அது. அறிவியல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. (கோடை மழைக்குப் பின் வரும் சிவப்பு வெல்வெட் பூச்சியையும் மாணவர்கள் படமெடுத்து வருவார்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள்: எட்டு இருக்கும். அது பூச்சி இனமே அல்ல, உண்ணி வகை.)

வாழ்க்கைச் சுழற்சியைக் கற்பிக்கக் கறிவேப்பிலைச் செடி ஒன்று போதும். எலுமிச்சை அழகியின் இளம்புழு பறவை எச்சம்போல் இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். ஒரே செடியைத் தினமும் ஒரே கோணத்தில் எடுத்துவந்தால் முட்டை முதல் பட்டாம்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் படவரிசை தயார். ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், செடியின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பாம்பு நடமாடும் புதர், தடுப்புச்சுவர் இல்லாத கிணறு இருக்கும் பக்கம் மாணவர்களைத் தனியே அனுப்ப வேண்டாம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வளாகத்தைச் சுத்தம் செய்வோம். முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் வேலியோரத்து எருக்குதான். வெட்டுவதற்கு முன் இலைகளைத் திருப்பி, அடிப்புறத்தில் முட்டையோ புழுவோ இருக்கிறதா என மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்தச் செடியை மட்டுமாவது விட்டுவிடலாம்.