கடைசி வரிசையில் மனமும் மணமும்

விராலிமலைக் கோயில் படிகளில் நம் அருகே வந்து நிற்கும் மயிலின் தோகையில் ஒவ்வொரு ‘கண்’ணையும் தனித்தனியே எண்ணலாம். அதே மயில் 100 மீட்டர் தள்ளிப் பாறைமேல் நின்றால், பச்சையும் நீலமும் கலந்த ஒரு மினுமினுப்பு மட்டுமே தெரிகிறது. இது நம் கண்ணின் எல்லை.

விழித்திரையின் நடுக்குழியில் கூம்புச் செல்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. இரு புள்ளிகள் இரண்டாகத் தெரிய வேண்டுமானால், அவற்றின் பிம்பங்கள் விழும் செல்களுக்கு இடையே தூண்டப்படாத செல் ஒன்றாவது இருக்க வேண்டும். இயல்பான கண்ணுக்கு இந்த இடைவெளி ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது ஏறத்தாழ 3 செ.மீ.; 6 மீட்டரில் 1.75 மி.மீ.; கைப்பேசியைப் பிடிக்கும் 30 செ.மீ. தொலைவில் 0.09 மி.மீ.

2010இல் வந்த ஐபோன் 4இன் திரையில் அங்குலத்துக்கு 326 படப்புள்ளிகள் இருந்தன. 30 செ.மீ. தொலைவில் கண்ணால் பிரித்தறிய முடிவது அங்குலத்துக்குச் சுமார் 290தான். அதனால்தான் புள்ளிகள் தெரியாமல் எழுத்து அச்சிட்டதுபோல் இருந்தது. கூர்மையான இளங்கண்கள் இதையும் தாண்டிப் பார்க்கும் என்பது வேறு.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 65 அங்குலத் திரையில் ‘ஃபுல் எச்டி’ என்றால் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.75 மி.மீ.; ‘4கே’ என்றால் அதில் பாதி. 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளிக் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. திரையின் விலை அங்கே உதவாது. எழுத்தின் அளவுதான் உதவும்.

எவ்வளவு பெரிதாக? 1862இல் நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் உருவாக்கிய கண் பரிசோதனை அட்டையில், 6 மீட்டரிலிருந்து இயல்பான கண் படிக்கும் எழுத்தின் உயரம் சுமார் 9 மி.மீ. பார்வை 6/12 உள்ள பிள்ளைக்கு அதுவே இரு மடங்காக வேண்டும். இவை திணறிப் படிக்கும் அளவுகள். பாடம் முழுவதும் சிரமமின்றிப் படிக்க இன்னும் இரு மடங்கு தேவை. ஆகவே 3.5 செ.மீ. உயரம், திரைக்கு ஏழெட்டு வரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். பாடநூல் பக்கத்தை அப்படியே திரையில் போட்டுவிட்டு “படிங்க” என்று சொல்வது (நாம் எல்லோரும் செய்ததுதான்) முன்வரிசைக்கு மட்டும் நடத்தும் பாடம்.

ஸ்னெல்லன் அட்டை ரோமன் எழுத்துகளுக்கானது. தமிழில் ஒரு சுழி மனத்தை மணமாக்கிவிடும். சிறு கோடு ஒன்று ‘எடு’வை ‘ஏடு’ ஆக்கும். ஒரு புள்ளி போனால் மெய், உயிர்மெய் ஆகும். பலகையைப் பார்த்து எழுதும்போது இவற்றில் தவறும் பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழிக்கும் முன், அதே வரியைப் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதில் தவறில்லை என்றால் முதலில் கண்ணைத்தான் ஐயப்பட வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, வீட்டில் டிவிக்கு அருகில் போய் உட்காருவது ஆகியவையும் அறிகுறிகளே. அந்தப் பிள்ளையே சொல்லும் என்று காத்திருக்க முடியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

சோதிக்கும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஐயம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரைக் கொடுங்கள். கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம். கண்ணாடி வரும்வரை அந்தப் பிள்ளைக்கு முதல் வரிசையில் இடம் கொடுங்கள்.